மேயர் வேட்பாளர் யாருப்பா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 'சென்னை மேயரை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த வாரம் வேறு எதற்கும் இடமில்லை. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

2022 மாநகராட்சித் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். மேயருக்குத்தான் போட்டேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் என் ஓட்டு யாருக்குப் போனது?
*வாசகர், பெரம்பூர்*

உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. அதோடு உங்கள் வேலை முடிந்தது. அப்படி ஜெயித்த கவுன்சிலர்கள் மாமன்றத்தில் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள், இதற்குப் பெயர் மறைமுகத் தேர்தல்.

பிப்ரவரி 19-ல் ஓட்டுப்பதிவு, 22-ல் எண்ணிக்கை. சென்னையின் 200 வார்டுகளில் தி.மு.க. மட்டும் 153 வார்டுகளைப் பிடித்தது. சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது என்பது முன்பே தெரியும். ஆள் யார் என்பது தெரியாது. மார்ச் 3-ம் தேதி கட்சித் தலைமை ஒரு பட்டியல் வெளியிட்டது, அதில் 74-வது வார்டில் ஜெயித்த ஆர். பிரியாவின் பெயர் இருந்தது, மறுநாளே மாமன்றத்தில் போட்டியில்லாமல் மேயராகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், பட்டியலினப் பெண்களில் முதலாமவர். நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 74-வது வார்டில் அவருக்கே ஓட்டுப் போட்டவர்கள்கூட, மேயருக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டிருக்க முடியாது.

அந்தப் பிரசார நேரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். கழுத்தில் துண்டு, பின்னால் தப்பு மேளம், பக்கத்தில் நோட்டீஸ் கொடுக்கும் பையன். முனையில் இருக்கும் குப்பைத் தொட்டியை எடுத்துவிடுகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எதிர் வீட்டுப் பாட்டி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அதெல்லாம் சரி, மேயரு யாருப்பா?" என்று கேட்டார். வேட்பாளர் ஒரு நொடி தயங்கி, "தலைமை யாரைச் சொல்லுதோ அவங்கதான் பாட்டி" என்றார். மறைமுகத் தேர்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

(குப்பைத் தொட்டி அங்கேயேதான் இருக்கிறது.)

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு காலத்தில் மேயருக்கென்று தனியாக ஓட்டுப் போட்டோம். எப்போது மாறியது, யார் மாற்றினார்கள்?
*வாசகி, அயனாவரம்*

உங்கள் ஞாபகம் சரி. எப்போது மாறியது என்று கேட்காதீர்கள் அம்மா, எத்தனை தடவை மாறியது என்று கேளுங்கள்.

1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் (வேலையாட்களின் வருகைப் பதிவேட்டில் நடந்த மோசடி) வெடித்து மாமன்றத்தைக் கலைத்தார்கள். அப்புறம் 1996 வரை சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 23 வருடம்! அந்த 1996-ல்தான் முதல்முறையாக மக்கள் நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள், மு.க. ஸ்டாலின் ஜெயித்தார். 2001-ல் மறுபடி அவரே. ஆனால் மாநிலத்தில் ஆட்சி அ.தி.மு.க.வுடையது. அவர் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். ஒருவர் இரண்டு பதவியில் இருக்கக்கூடாது என்று 2002-ல் சட்டம் வந்தது. மேயர் பதவியை விட வேண்டியதாயிற்று, துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பைக் கவனித்தார்.

2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும், நேரடித் தேர்தல் வேண்டாம், கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். மா. சுப்பிரமணியன் மேயரானார். 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி, திரும்ப நேரடித் தேர்தல். இந்த முறை சைதை துரைசாமி, மா. சுப்பிரமணியனை மக்கள் ஓட்டில் தோற்கடித்தார். 2016-ல் அதே அ.தி.மு.க. மறைமுகத்துக்குப் போனது. அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் மேயரே வரவில்லை, தனி அதிகாரி வந்தார். 2018-ல் நேரடி என்று சட்டம். 2019 நவம்பரில் மறைமுகம் என்று அவசரச் சட்டம். அந்த 2018 சட்டத்தின்படி யாரும் ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை.

இதில் கொள்கை எதையும் தேடாதீர்கள். இரண்டு கட்சிகளுமே இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன. கோட்டையில் இருப்பவர்களுக்கு, லட்சக்கணக்கான ஓட்டு வாங்கிய ஓர் ஆள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் தனியாக உட்கார்ந்திருப்பது உறுத்துகிறது என்பதுதான் என் கணிப்பு. அவர் சொந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் உறுத்தும்.

பிரதமரையும் முதல்வரையும்கூட நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லையே? எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தானே தேர்ந்தெடுக்கிறார்கள். மேயருக்கு மட்டும் ஏன் இந்தப் புலம்பல்?
*வாசகர், பாளையங்கோட்டை*

நல்ல கேள்வி. பதில் சொல்ல முடியாமல் ஒரு நாள் யோசித்தேன்.

சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் யார் ஜெயித்தால் யார் முதல்வர் என்பது சுவரொட்டி ஒட்டுகிறவருக்கும் தெரியும். கட்சிகள் மேயருக்கும் அப்படி முன்கூட்டியே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். சொல்ல மாட்டார்கள். ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பதவிமேல் கண் வைத்திருக்கும் மற்றவர்கள் பிரசாரத்துக்கே வர மாட்டார்கள்.

இன்னொன்று, ஓட்டுப் போடும் கூட்டம் சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு ஓட்டுக்கும் கனம் கூடிவிடுகிறது. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் 55 வார்டுகள், பெரும்பாலானவை தி.மு.க. கூட்டணி கையில். 2024 ஜூலையில் மேயர் பி.எம். சரவணன் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் கட்சி நிறுத்தியவர் கிட்டு என்கிற ராமகிருஷ்ணன், சைக்கிளில் போய் வருகிறவர் என்று பெயரெடுத்தவர். சுலபமாக முடிய வேண்டிய விஷயம். அதே கட்சிக்காரர் ஒருவர் எதிர்த்து நின்றார், முடிவு 30-க்கு 23. அந்த 23 பேர் எதற்காக அப்படிப் போட்டார்கள் என்று ஊருக்குள் யாரிடமும் வந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அது ரகசிய ஓட்டு.

சண்டிகர் கதை இன்னும் மோசம். அங்கே மொத்தமே 36 ஓட்டு, 35 கவுன்சிலர்கள், ஒரு எம்.பி. 2024 ஜனவரி 30-ல் நடந்த மேயர் தேர்தலில் ஆம் ஆத்மி – காங்கிரஸ் கூட்டணிக்கு 20 பேர், பா.ஜ.க. பக்கம் 16. தேர்தல் அதிகாரி 8 சீட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கினார், எட்டும் கூட்டணிக்கு விழுந்தவை. 16-க்கு 12 என்று பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்ததாக அறிவிப்பு. அந்த அதிகாரி பேனாவால் சீட்டுகளில் ஏதோ கிறுக்குவதும், நடுவில் கேமராவை நிமிர்ந்து பார்ப்பதும் அப்படியே பதிவாகியிருந்தது. பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, ஆம் ஆத்மியின் குல்தீப் குமார்தான் மேயர் என்று அறிவித்தது. லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் எட்டு ஓட்டைக் கிறுக்கி என்ன செய்ய முடியும்?

கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநர் மேயரானது மறைமுகத் தேர்தலால்தானே? நேரடித் தேர்தலில் அவரால் செலவு செய்து நிற்க முடியுமா?
*வாசகர், சுவாமிமலை*

முடிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கே. சரவணன் பதவியேற்கத் தன் ஆட்டோவிலேயே வந்து இறங்கியதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். கூடவே இதையும் பாருங்கள்: 48 வார்டு கொண்ட அந்த மாமன்றத்தில் காங்கிரஸுக்கு இரண்டே கவுன்சிலர்கள். கூட்டணிப் பங்கீட்டில் கும்பகோணம் மேயர் பதவி அந்தக் கட்சிக்கு என்று முடிவானது, இரண்டு பேரில் ஒருவர் அவர். கதவு திறந்தது நல்லதுதான், திறந்தவர்கள் கும்பகோணத்துக்காரர்கள் இல்லை.

மேயர் அங்கியும் தங்கச் சங்கிலியும் சென்னை வெயிலுக்குத் தாங்குமா?
*வாசகி, மயிலாப்பூர்*

1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்த மாநகராட்சி. லண்டன் குளிருக்குத் தைத்ததை நாம் இன்னும் கழற்றவில்லை.

எங்கள் தெருவில் சாக்கடை பொங்குகிறது. மேயருக்கு எழுதினால் நடக்குமா?
*வாசகர், கொளத்தூர்*

பொங்குவது மழைநீர் வடிகாலா, கழிவுநீர்க் குழாயா என்று முதலில் பாருங்கள். மழைநீர் என்றால் மாநகராட்சி. கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம், அது மாநில அரசின் கீழ் வருகிறது, மேயர் கையில் இல்லை. மின்கம்பத்தில் ஒயர் தொங்கினால் மின்வாரியம், அதே தெருவில் விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சி. பஸ்ஸும் போலீஸும் மாநில அரசு. மாநகராட்சிக்குள்ளேயும் நிர்வாக அதிகாரம் அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம் இருக்கிறது, மேயர் மாமன்றக் கூட்டத்தை நடத்துகிறார், தீர்மானம் நிறைவேற்றுகிறார். நேரடித் தேர்தல் வந்தாலும் இதெல்லாம் தானாக மாறிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், என்னை ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

சரி, இந்த அதிகாரமில்லாத பதவியில் இருந்து எதையாவது சாதித்த ஒரு மேயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!
*வாசகர், திருவள்ளூர்*

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதே. சத்தியமூர்த்தி 1939-ல் மேயரானபோது சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். அவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள் (என் வாதத்துக்கு எதிரான சாட்சி, தெரிந்தேதான் சொல்கிறேன்). பதவி ஒரே வருடம்தான். அதற்குள் வெள்ளைக்கார அரசிடம் விடாமல் மல்லுக்கட்டி, கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் போட வைத்தார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றைக்கும் சென்னை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூண்டிப் பக்கம் போனால் பெயர்ப்பலகையைப் பாருங்கள், சத்தியமூர்த்தி சாகர் என்று எழுதியிருக்கும்.