உதடு செய்த வேலைக்கு மெஷினுக்கு ஏன் காசு? – நுகர்வோர் கேள்வி-பதில்

காது மெஷின், டிவி ஹெட்போன், பேச்சை எழுத்தாக்கும் ஆப் என்று ஒரே வகைக் கடிதங்களாக வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த வாரம் அவை மட்டும்.

அப்பாவுக்கு 76 வயது. இரண்டு காதுக்கும் சேர்த்து 84,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினோம். கடையில் மாட்டிப் பார்த்தபோது கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் புரியவில்லை என்கிறார். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார். – ஆர்., திருச்சி

அந்தச் சோதனை எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன், சரியா பாருங்கள். கதவு சாத்திய சின்ன ஏசி அறை. விற்பனையாளர் அப்பாவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நல்ல வெளிச்சம். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?", "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டிருப்பார். அப்பா பதில் சொன்னார். அதில் பெரும்பங்கு வேலையைச் செய்தது அப்பாவின் கண். பணம் மட்டும் மெஷினுக்குப் போனது.

இந்தச் சோதனை முறை மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனிதர் யாரும் காதால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை. இரைச்சலுக்கு நடுவில் பேசுபவரின் முகம் தெரிந்தால் எவ்வளவு கூடுதலாகப் புரிகிறது என்பதை சம்பி, பொலாக் என்ற இருவர் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரைச்சல் ஏற ஏற முகத்தால் கிடைக்கும் லாபமும் ஏறியது. 1976-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். "ப" என்ற ஒலியை ஓடவிட்டு, திரையில் "க" சொல்லும் வாயைக் காட்டினால், பார்ப்பவருக்குக் காதில் விழுவது "ட" போன்ற மூன்றாவது ஓர் ஒலி! கண்ணை மூடினால் உடனே "ப" திரும்பிவிடுகிறது. காது நன்றாக இருப்பவர்களுக்கே இப்படித்தான்.

இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். மளிகைக்கடை நெரிசலில் ஒருவர் "பட்டை" என்கிறார். பட்டையா, தட்டையா, கட்டையா என்று காது குழம்பும். ஏனென்றால் ப, த, க மூன்றையும் பிரித்துக் காட்டும் குறிப்பு, ஒலியின் மேல் சுருதியில் மெலிசாக இருக்கிறது. இரைச்சல் முதலில் விழுங்குவது அதைத்தான். வயதானால் காது முதலில் இழப்பதும் அந்த மேல் சுருதியைத்தான். ஆனால் "ப" சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டிப் பிரிவது பத்தடிக்கு அப்பாலும் தெரியும். "க" தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதடு ஒட்டுவதே இல்லை. இப்போது "பாலை", "மாலை" என்று கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசமே கிடையாது. அங்கே காது கைகொடுக்கும். "ம" மூக்கு வழியாக வரும் ஒலி. அதன் அடிச்சுருதி முனகல் இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கும். காது தவறவிடுவதைக் கண் பிடிக்கிறது, கண் தவறவிடுவதைக் காது பிடிக்கிறது. அப்பா போன்ற பெரியவர்கள் தங்களுக்கே தெரியாமல் பல வருடமாக இதைச் செய்துவருகிறார்கள். "லைட்டைப் போடு, நீ பேசறது கேக்கல" என்று பெரியவர்கள் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது மிகச் சரி.

எனவே மெஷின் வாங்கப் போகும் எல்லோருக்கும் சொல்கிறேன். விற்பவர் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசட்டும். பிறகு பின்னால் நின்று பேசட்டும். பிறகு கடைக் கதவைத் திறந்து தெருச் சத்தத்தை உள்ளே விட்டுப் பேசட்டும். அர்த்தத்தை வைத்து ஊகிக்க முடியாத தனி வார்த்தைகளாகச் சொல்லட்டும்: பல், கல், பத்து, கத்து. கடைசியாக முகத்தைக் காட்டியும் பேசட்டும். முகம் இல்லாமல் மெஷின் என்ன செய்கிறது, முகத்தோடு சேர்ந்து என்ன செய்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் கடைக்காரரிடம் மெஷினை அப்பாவின் ஆடியோகிராமுக்கு (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காதுப் பரிசோதனை வரைபடம்) ஏற்ப மறுபடி ப்ரோகிராம் செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும், பதிலை அழிக்காதீர்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணர்), இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் உள்ளவரிடம் காட்டி, அமைப்பில் என்ன குறை என்று எழுதி வாங்குங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "திரும்ப எடுக்கப்படாது" என்று அச்சடித்துவிட்டதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல மெஷினும் சுவர் தாண்டி, குக்கர் சத்தம் தாண்டி வரும் குரலைத் தெளிவாக்கிவிடாது. அப்பா இருக்கும் அறைக்கு வந்து, முகம் தெரிய நின்று பேசினால் அந்த மெஷினே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

காது மெஷின் பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? – வி., ஈரோடு

தவறு. காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.

என் ஜவுளிக்கடையில் எட்டு கேமரா இருக்கிறது. ஊழியர்கள் பேசுவதை உதட்டசைவை வைத்தே எழுத்தாக்கும் ஏஐ மென்பொருள் 35,000 ரூபாய் என்று ஒருவர் வந்தார். 95 சதவீதம் துல்லியமாம். பாதி பணம் கொடுத்துவிட்டேன். – உரிமையாளர், சேலம்

மீதிப் பாதியைக் கொடுக்காதீர்கள்.

அந்த 95 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த லிப்நெட் என்ற ஆய்வில் 95.2 சதவீதம் கிடைத்தது உண்மை. அது ஆங்கிலத்துக்கு. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்த ஆறு சொற்கள்: ஒரு கட்டளை, ஒரு நிறம், ஓர் இடச்சொல், ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு வினையடை. நிறம் என்றால் நாலே நிறம்தான் வரும். பேசியவர்கள் கேமராவை நேராகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அதே பல்கலைக்கழகத்தார் பிபிசி நிகழ்ச்சிகளில் வரும் சகஜமான பேச்சை எடுத்துச் சோதித்தபோது, ஒலி இல்லாமல் மெஷின் பிடித்தது சுமார் பாதி வார்த்தை. தொழில்முறையாக உதடு வாசிப்பவர்கள் பிடித்தது கால்வாசி. உங்கள் கேமரா கூரை மூலையில் இருக்கிறது. ஊழியரின் உச்சந்தலைதான் அதற்குத் தெரியும். உதடு தெரிந்தாலும் படத்தில் அது நாலைந்து புள்ளிதான். அதோடு தமிழில் பாலுக்கும் மாலுக்கும் உதட்டில் பேதம் இல்லை.

வாங்கும் முன் உங்கள் கடைக் காட்சியையே ஐந்து நிமிடம் கொடுத்து, "இதை எழுத்தாக்கிக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாமே? ஜவுளியில் ஒரு பேல் துணி வாங்கினால் பிரித்துப் பார்க்காமலா பணம் கொடுப்பீர்கள்? விற்றவர் சொன்னது பொய் விளம்பரம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். உங்களுக்குத் துணி மடித்துத் தரும் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் வேலையையும் விட்டுவிடுங்கள்.

இரவில் மற்றவர் தூக்கம் கெடாமல் டிவி பார்க்க ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினேன். சத்தம் தெளிவு. ஆனால் பேசுவது மட்டும் பாதி புரியவில்லை, தலைவலிக்கிறது. ஹெட்போன் பழுதா? – எம்., மதுரை

பழுதில்லை. தாமதம். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்து எடுப்பதற்குள் பல மாடல்களில் 150 முதல் 250 மில்லி செகண்ட் போய்விடுகிறது. ஒலி படத்தைவிட 125 மில்லி செகண்டுக்கு மேல் பிந்தினால் மனிதருக்குத் தெரிந்துவிடும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை. முந்தினால் 45 மில்லி செகண்டே போதும். பிந்துவதை நாம் அதிகம் பொறுப்பதற்குக் காரணம் உண்டு: தூரத்தில் பேசுபவரின் குரல், அவர் வாயசைவுக்குப் பின்னால்தான் எப்போதும் நம்மை வந்தடைகிறது. எல்லை மீறினால் உதடு உதவுவதற்குப் பதில் இடைஞ்சல் செய்கிறது.

நான் வாங்கிய ஹெட்போனும் இப்படித்தான். செய்தி வாசிப்பவர் வாயை மூடிய பிறகு கடைசி வார்த்தை வந்து சேரும். பெட்டியில் "சினிமா தரம்" என்று போட்டிருந்தார்கள். தாமதம் எவ்வளவு என்று எங்கும் போடவில்லை. டிவிக்கென்றே தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்போன் வாங்குங்கள், அல்லது நீள ஒயர் போட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே ஒரு செய்தி சேனலைப் போட்டு, வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பாட்டுப் போட்டுச் சோதித்தால் இது பிடிபடாது.

அம்மாவுக்குத் தமிழ் சீரியல் எல்லாம் புரிகிறது. இந்தியிலிருந்து டப் செய்த சீரியல் மட்டும் புரியவில்லை என்கிறார். புது சவுண்ட்பார் வாங்கலாமா? – கே., காரைக்குடி

வேண்டாம். உதடு இந்தி பேசுகிறது, காதில் தமிழ் விழுகிறது. அம்மா இவ்வளவு நாள் உதட்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பணத்தில் காதைப் பரிசோதித்து ஒரு ஆடியோகிராம் எடுங்கள்.

ஆன்லைனில் 1,499 ரூபாய்க்குக் காது மெஷின் வாங்கினேன். விளம்பரத்தில் ஒரு தாத்தா மாட்டியவுடன் அழுகிறார். எனக்கோ "கீச்" என்ற சத்தம்தான் வருகிறது. ஆடியோகிராம் எடுக்கவில்லை. – எஸ்., விழுப்புரம்

ஆடியோகிராம் எடுக்காமல் எதற்காக வாங்கினீர்கள்? கண்ணைப் பரிசோதிக்காமல் கண்ணாடி வாங்குவீர்களா?

நீங்கள் வாங்கியது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர். என் அம்மாவுக்கு நான் அந்த வகையில் ஒன்று வாங்கினேன். இடுப்பில் செருகி, ஒயரைக் காதுக்குக் கொண்டுபோகும் பெட்டி. முந்தானை மைக்கில் உரசுவது பேச்சைவிடப் பெரிதாகக் கேட்டது. மிக்ஸி ஓடினால் பிடுங்கி வைத்துவிடுவார். திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டபோது விற்றவர் போனையே எடுக்கவில்லை. உங்களுக்குத் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அரசு மருத்துவமனை காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தகுதி இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் மெஷின் இலவசமாகவே கிடைக்கும்.

"ஏஐ லிப்ரீடிங் வசதி உள்ள காது மெஷின்" என்று விற்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுவது. நம்பலாமா? – பி., கோவை

கேமரா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் இருந்து எதிராளியின் உதட்டைப் பார்க்க முடியாது.

எனக்குக் கேட்கும் திறன் குறைவு. கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஆசிரியர் பேசுவதை எழுத்தாக்கித் தரும் ஆப்புக்கு வருடம் 3,600 ரூபாய். "உதட்டையும் படிக்கும்" என்கிறார்கள். வகுப்பில் ஃபேன் சத்தத்தில் தப்பும் தவறுமாக வருகிறது. பணம் கட்டிவிட்டேன், ரத்து செய்ய பட்டனே இல்லை. – மாணவி, நாகர்கோவில்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. ஒலியையும் உதட்டையும் சேர்த்துப் படிக்கும் மெஷின் கற்பனை இல்லை. 1984-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெடஜன் என்பவர் முதல் முயற்சியைச் செய்துவிட்டார். 2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியில் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவர் குரலையும் தனியே பிரித்துக் காட்டினார்கள். மனிதருக்குப் போலவே மெஷினுக்கும் இரைச்சலில்தான் உதட்டால் அதிக லாபம். ஆனால் அதற்குப் பேசுபவரின் முகம் கேமராவில் தெளிவாக விழ வேண்டும். அதைப் பழக்கிய பெரிய காணொளித் தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம். உங்கள் போன் டெஸ்க் மேல் படுத்திருக்கிறது, கேமரா ஃபேனைப் பார்க்கிறது. அது எந்த உதட்டைப் படிக்கும்?

பணத்துக்கு: ரத்து செய்ய வழி தராமல் வைத்திருப்பதே புகாருக்குரிய விஷயம். "உதட்டையும் படிக்கும்" என்ற விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-இல் சேருங்கள். வங்கியிலோ யுபிஐ ஆப்பிலோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை இன்றே நீக்குங்கள்.

படிப்புக்கு: 2019-இல் வந்த லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற, பேச்சை எழுத்தாக்கும் ஆப் ஆண்ட்ராய்டு போனில் இலவசம், தமிழும் எழுதும். அது காதை மட்டும் நம்பும் மெஷின். அதனால் மைக் ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும். சட்டையில் குத்தும் ஒயர்லெஸ் மைக் ஒன்றை அவரிடம் கொடுங்கள். உதட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்: முன் வரிசை, ஜன்னல் வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும் பக்கம். போர்டைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம் என்று அவரிடம் கேளுங்கள். இதற்குக் கூச்சமே வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தேவையான வசதி செய்துதருவது கல்லூரியின் கடமை. முதல்வருக்கு ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நடத்துகிறேன். வயதான நோயாளிகளுக்காக வாய் தெரியும் பிளாஸ்டிக் முகக்கவசம் 200 வாங்கலாமா? – மருத்துவர், தஞ்சாவூர்

முதலில் பத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் ஜன்னல் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கைவிட மேல் சுருதியை அதிகமாக மறைக்கும். ஆனால் உதடு தெரிவதால் காது மந்தமானவர்களுக்கு அந்த நஷ்டம் ஈடாகும். ஒரு மணி நேரம் போட்டுப் பேசிப் பாருங்கள். மூச்சு படிந்து பனி பிடிக்கும் ரகம் என்றால் ஒலியும் போகும், உதடும் போகும். பனி பிடிக்காத ரகம் கிடைத்த பிறகு 200 வாங்குங்கள்.