பிளேன் ஓட்டப் பழக முன்னமே பிளேன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சேர். நான் களுவாஞ்சிகுடி, வயது 27. ஆறு வருடமாகக் கட்டாரில் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை. சேமிப்பு எல்லாம் சேர்த்து நம் காசில் ஒரு கோடியே 45 இலட்சம் வரும். பைலட் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. பயிற்சிப் பள்ளியில் ஒரு மணித்தியாலப் பறப்புக்கு 60,000 ரூபாய் சொல்கிறார்கள். சி.பி.எல். எனும் வணிக விமானி லைசென்ஸ் எடுக்க 200 மணித்தியாலம், அப்படியென்றால் ஒரு கோடியே 20 இலட்சம். கனடாவில் இருக்கும் மச்சான், அமெரிக்காவில் புளோரிடாவில் 1974ஆம் ஆண்டு செஸ்னா 150 என்ற சின்ன விமானம் ஒன்று 38,000 டொலருக்கு விலைக்கு வந்திருப்பதைக் காட்டினார். எஞ்சின் 1998இல் ஓவர்ஹோல் (முழுதாகக் கழற்றிப் புதுப்பித்தல்) செய்து 1,650 மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று விளம்பரத்தில் இருக்கிறது. அதை வாங்கி அதிலேயே பழகி, மிச்ச நேரத்தில் நெல் வெட்டு மெசினை விடுவதுபோல வாடகைக்கு விட்டு, கடைசியில் வாங்கின விலைக்கே விற்றால் படிப்புச் செலவு ஏறக்குறைய மிச்சம்தானே? காசு இடித்தால் மண்டூர்ப் பக்கம் உள்ள 3 ஏக்கர் வயலை விற்க அப்பாவும் சரி என்கிறார். தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. விற்பவர் 2,000 டொலர் முற்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: தம்பி, வாங்க வேண்டாம். முற்பணமும் அனுப்ப வேண்டாம். உங்கள் ஆசையில் பிழை இல்லை, பிளேன் வாங்கும் இந்தக் கணக்கில்தான் பிழை.

இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. அமெரிக்காவில் பழைய செஸ்னா 150 ஒன்றை வாங்கி, அதிலேயே பழகி, லைசென்ஸ் எடுத்தவுடன் விற்றுவிடுகிற ஆட்கள் உண்மையாகவே உண்டு. அதைப் பற்றி வீடியோவும் போடுவார்கள். அங்கே பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் 5,000 அளவில் உள்ளன. பள்ளியில் சேராமல் தனி ஆசிரியர் ஒருவரைப் பிடித்துச் சொந்த விமானத்தில் பழகலாம். பக்கத்துத் தளத்திலேயே மெக்கானிக் இருப்பார், விற்க நினைத்தால் வாங்க ஆள் வரும். அந்தக் கணக்கு அந்த ஊருக்குச் சரி. அதை அப்படியே பெயர்த்துக் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டு வந்தால் ஒவ்வொரு காலாக உடையும்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம், ஏனென்றால் விற்பவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த விமானத்தில் இருப்பது கொன்டினென்டல் ஓ-200. அதற்கு உற்பத்தியாளர் நெடுங்காலமாகச் சொல்லி வந்த ஓவர்ஹோல் இடைவெளி 1,800 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. 1,650 ஓடிவிட்டது என்றால் மிச்சம் 150. உங்களுக்கு வேண்டியது 200. பயிற்சியின் நடுவிலேயே எஞ்சினைக் கழற்ற வேண்டி வரும். வருடக் கணக்கைப் பார்த்தால் இன்னும் மோசம், 1998இல் செய்த ஓவர்ஹோலுக்கு 12 வருடம் 2010லேயே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் சொந்தத் தேவைக்கு ஓட்டுகிறவர் இந்த எல்லையைத் தாண்டியும் ஓட்டலாம், அதனால்தான் விளம்பரத்தில் கூச்சமில்லாமல் போட்டிருக்கிறார். பயிற்சிக்குப் பயன்படுத்தும் விமானம் என்றால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். இந்த எஞ்சினின் ஓவர்ஹோல் 20,000 டொலருக்குள் முடிந்தால் அதிஷ்டம் என்று சொல்ல வேண்டும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 60 இலட்சம். வாங்கும் விலையில் பாதிக்கு மேல்.

இனி உங்கள் மிச்சக் கணக்கு. மணிக்கு 60,000 முழுவதும் உங்களுக்கு மிஞ்சப் போவதில்லை. சொந்த விமானத்திலும் ஆசிரியருக்குக் காசு கொடுக்க வேண்டும், எரிபொருளும் ஊற்ற வேண்டும். செஸ்னா 150 மணிக்கு ஏறத்தாழ 22 லீற்றர் குடிக்கும். அதுவும் அவ்கேஸ் எனப்படும் விமானப் பெற்றோல். ஷெட் பெற்றோல் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், அதற்குத் தனி அங்கீகாரம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இவற்றுக்கும் ஒயில், தரையிறங்கும் கட்டணம் போன்றவற்றுக்கும் மணிக்கு 35,000 என்று நானே தாராளமாக உங்கள் பக்கம் சாய்த்து வைக்கிறேன். மிச்சம் மணிக்கு 25,000. 200 மணித்தியாலத்துக்கு 50 இலட்சம். மேலே சொன்ன ஓவர்ஹோல் ஒன்றே இதைத் தின்றுவிடுகிறது.

அப்புறம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள். இறக்கையைக் கழற்றிக் கொள்கலனில் ஏற்றி அனுப்பும் கூலி, இங்கே அனுமதிப் பத்திரமுள்ள பொறியியலாளர் மீண்டும் பூட்டுகிற கூலி, 4ஆர் எழுத்தில் இலங்கைப் பதிவு, வருடாந்தப் பரிசோதனை, நிறுத்தும் வாடகை, காப்புறுதி. இன்னும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் விமானம் என்றால் காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார், தவணைக் கட்டணமும் கூடும். இதோடு, பிளேன் விலையான ஒரு கோடியே 14 இலட்சத்தை நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் வருடம் 9 இலட்சம் வந்திருக்கும், அதையும் இழக்கிறீர்கள். நான் வேறு எதையும் கூட்டாமலேயே கணக்கு மைனஸில் போய்விட்டது.

எங்கே நிறுத்துவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. திமிலைதீவில் உள்ள நம் மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் பயிற்சிப் பள்ளிகளும் பராமரிப்பு ஆட்களும் பெரும்பாலும் இரத்மலானையைச் சுற்றித்தான். அங்கே நிறுத்தினால் நீங்கள் கொழும்பில் வாடகைக்கு இருக்க வேண்டும், இங்கே நிறுத்தினால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆளை வரவழைக்க வேண்டும். இரண்டு இடமும் உப்புக் காற்று. செஸ்னாவின் உடம்பு அலுமினியம், 1974இல் செய்தது, புளோரிடாவிலும் கடலோரமாக நின்றிருந்தால் இறக்கையின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

வெட்டு மெசின் கதைக்கு வருவோம். சம்மாந்துறையில் ஒருவர் மெசின் வாங்கினால் அறுவடைக் காலத்தில் வயல் வயலாக ஓடி லீசிங் கட்டிவிடுவார். பெல்ட் அறுந்தால் வரம்பிலேயே மாற்றுவார், இரும்பு உடைந்தால் ஒட்டுக் கடையில் வெல்டிங். விமானத்தில் ஒரு சின்ன போல்ட்டுக்கும் எங்கிருந்து வந்தது என்ற சான்றிதழ் வேண்டும், லேத்தில் கடைந்து போட்டால் பறக்கும் தகுதி போய்விடும். ஆட்களை ஏற்றிக் காசு வாங்குவதென்றால் விமான இயக்குநர் சான்றிதழ் வேண்டும், அது ஒரு தனி ஆள் எடுத்து முடிக்கிற காரியம் இல்லை. எப்படியும் இந்த விமானத்தில் இரண்டே இரண்டு இருக்கை, அதில் ஒன்று உங்களுடையது. மொத்த எடை எல்லை 726 கிலோ, வெறும் விமானமும் நிறைந்த தாங்கியும் போக, இரண்டு நல்ல உடம்புக்காரர் ஏறினால் பைக்கு இடம் இருக்காது.

இன்னொரு கொக்கியும் இருக்கிறது. லைசென்ஸுக்கு எண்ணப்படும் பயிற்சி, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்ற பள்ளியின் கீழ் நடக்க வேண்டும். உங்கள் விமானத்தைத் தங்கள் பட்டியலில் சேர்த்து அதில் பழக்கித் தருவார்களா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் தாமதமாகும், வந்தாலும் இனிக்காது. அங்கேயே போய் அமெரிக்காவில் பழகலாம் என்றால், வெளிநாட்டு மாணவருக்கு அதற்கான விசாவும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும், அந்த விசா அங்கீகரித்த பள்ளிக்குத்தான் தருவார்கள். அமெரிக்கப் பதிவு விமானத்தை அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ அல்லாதவர் நேரடியாகத் தன் பெயரில் வைத்திருக்கவும் முடியாது. கனடா மச்சானின் பெயரும் அங்கே உதவாது.

சரி, அப்படியென்றால் ஒரு கோடியே 45 இலட்சத்தை என்ன செய்வது?

முதல் செலவு மெடிக்கல். சி.பி.எல்.லுக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நிறம் பிரித்தறியும் பார்வை, காது, இதயம், சீனி எல்லாம் பார்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் குழம்புகிற கண் என்றால் அதைப் பயிற்சி தொடங்கிய பிறகு அறிவதைப் போல நட்டம் வேறில்லை. அதன் பிறகு ஒரு அறிமுகப் பறப்பு. சிலருக்கு முதல் அரை மணியிலேயே வாந்தி வரும், சிலர் இறங்க மனமில்லாமல் இறங்குவார்கள். இரண்டில் எந்த ரகம் என்பதை ஒரு மணித்தியாலக் காசில் அறிந்துகொள்ளலாம்.

இரண்டும் சரி வந்தால் பி.பி.எல். எனும் தனியார் விமானி லைசென்ஸை மட்டும் இலக்காக வையுங்கள். சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம், அங்கீகரித்த பாடநெறியில் 35. இது குறைந்தபட்சம்தான், பெரும்பாலானவருக்கு 50, 60 ஆகும். உங்கள் விலையில் 60 மணித்தியாலத்துக்கு 36 இலட்சம். அதிலேயே சி.பி.எல்.லுக்கும் மணித்தியாலம் சேர்ந்துகொண்டிருக்கும். 200 என்று கேட்டிருக்கிறீர்கள், அங்கீகரித்த முழுப் பாடநெறியில் அது 150ஆகவும் குறையலாம், பள்ளியிடம் கேளுங்கள். வாரத்துக்கு ஒருநாள் பறந்தால் போன பாடத்தைத் திருப்பிப் படிக்கவே காசு போகும். வேலையை விட்டுவிட்டுத் தொடர்ந்து பறக்கக்கூடிய காலத்தை முதலே ஒதுக்குங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி என்று எந்தப் பள்ளி சொன்னாலும் கட்ட வேண்டாம். 10, 10 மணித்தியாலமாகக் கட்டுங்கள். பள்ளி மூடினாலும் விமானம் பழுதானாலும் உங்கள் நட்டம் அந்தப் பத்தோடு நிற்கும்.

சேமிப்பு முழுவதையும் ரூபாய்க்கு மாற்றவும் வேண்டாம். றியால் டொலரோடு 3.64 என்று கட்டி வைத்த நாணயம், 2022இல் ரூபாய் 200இலிருந்து 350ஐத் தாண்டியபோது கட்டார்க் காசு வைத்திருந்தவர் கலங்கவில்லை. பயிற்சிக்கு இந்த வருடம் வேண்டியதை மட்டும் மாற்றி, மீதியைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராக வையுங்கள். உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலரில் வருவதால் பள்ளிக் கட்டணமும் டொலரோடு ஏறும். அதிலும் ஒரு 30 இலட்சத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். ஏனென்றால் சி.பி.எல். கையில் வந்த மறுநாளே வேலை வராது. ஸ்ரீலங்கன் ஓட்டுவது எயார்பஸ், அந்த ரகத்துக்கான தகுதிப் பயிற்சி தனிச் செலவு. ஒன்றிரண்டு வருடம் காத்திருந்தவர்கள் பலர்.

வயலைப் பற்றி ஒரே சொல்: விற்க வேண்டாம். அது நவகிரித் தண்ணீர் பாயும் வயல் என்றால் மாரியும் சிறுபோகமும் சோறு போடும், தங்கச்சியின் காரியத்துக்கும் அதுதான் நிற்கும். அப்பா உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சரி என்றிருப்பார். உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

பி.பி.எல். எடுத்து, 100 மணித்தியாலமும் பறந்து, இன்னும் சொந்த விமானம் வேண்டும் என்றிருந்தால் நாலு பேர் கூட்டாக, உள்நாட்டில் ஏற்கனவே பதிவான ஒன்றில் பங்கு வாங்குவது பற்றிக் கதைக்கலாம். அந்தக் கடிதத்தை அப்போது எழுதுங்கள்.

இந்த விற்பனைக்காரரிடம் மச்சான் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தால், எஞ்சின் லொக் புத்தகம், உடல் லொக் புத்தகம் இரண்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டும். அதோடு வாங்குபவர் தெரிவு செய்த மெக்கானிக் பரிசோதித்த பிறகுதான் காசு, அதுவும் மூன்றாம் தரப்பிடம் வைப்புச் செய்து என்று சொல்லட்டும். நல்ல விற்பனையாளர் இரண்டுக்கும் மறுக்க மாட்டார், மற்றவர் அன்றைக்கே வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.