‘ஆடிட் கூட்டம்’ என்று யாருக்காகச் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 42. ஒரகடத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலாளராக இருக்கிறேன். பதினொரு மேலாளர்களில் நான் ஒருத்திதான் பெண். அடுத்த ஆண்டு உற்பத்திப் பிரிவையும் சேர்த்து என்னிடம் ஒப்படைக்கும் எண்ணத்தில், நிர்வாகம் எனக்கென்று தனியாக ஒரு கோச்சை, அதாவது பயிற்சியாளரை, ஏற்பாடு செய்திருக்கிறது. ஆறு மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகள்; நான்கு முடிந்துவிட்டன. அவர் கேள்வி கேட்கிறாரே தவிர விடை சொல்வதில்லை. காலைக் கூட்டத்தில் நான் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. அதையே பராமரிப்புப் பிரிவு மேலாளர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தரம் சரியில்லை என்று நான் ஹோல்டில் வைத்த லாட்டை (வெளியே அனுப்பாமல் நிறுத்திய உதிரிபாகத் தொகுதியை) மாதக் கடைசியில் விடச் சொல்லி நெருக்கும்போது எனக்கு நா எழுவதில்லை. சனிக்கிழமைகளில், ஆடிட் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் காரில் உட்கார்ந்துதான் கோச்சிடம் வீடியோவில் பேசுகிறேன். (ஒருநாள் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி, ‘உடம்புக்கு ஏதாவதா மேடம்?’ என்று கேட்டுவிட்டார்!) கணவர் நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார். மகள் பிளஸ் டூ. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மாமியாருக்கு இதெல்லாம் புரியாது. இந்தப் பயிற்சியால் தலைமைப் பண்பு வந்துவிடுமா? தொடரட்டுமா, நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆண்கள் நிறைந்த தொழிற்சாலையில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய சாதனை என்று நான் தொடங்குவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதைச் சொல்ல உங்கள் மகளிர் தின விழாவுக்கு ஆண்டுதோறும் யாராவது வருவார்கள். இதே குறையோடு எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். வங்கி, மருத்துவமனை, மென்பொருள் நிறுவனம் என்று இடம்தான் மாறும், காலைக் கூட்டமும் காதில் விழாத பேச்சும் மாறுவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில், மற்றவர்கள் எழுதாத ஒன்றை, அதுவும் அடைப்புக்குறிக்குள் வேடிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு பெரிய பொறுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கான அறிகுறி உங்கள் குடியிருப்பின் காவலாளிக்குக் கிடைத்திருக்கிறது; உங்கள் கணவருக்குக் கிடைக்கவில்லை.

வேறொருவர் இதை எழுதியிருந்தால் ஒருவேளை கடந்துபோயிருப்பேன். நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். செய்யாத சோதனையைச் செய்ததாக ரிப்போர்ட்டில் எழுதும் இன்ஸ்பெக்டரை நீங்கள் என்ன செய்வீர்கள்? பாகம் நன்றாகத்தானே இருந்தது, யாருக்கும் நஷ்டமில்லையே என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நடக்காத ஆடிட்டை வீட்டில் நான்கு சனிக்கிழமைகளாகப் பதிவு செய்துவருபவர் நீங்கள். வார்த்தை கடுமையாக இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கணவர் நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார் என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அப்படியானால் யாரிடமிருந்து ஒளிகிறீர்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் மறுத்துவிடுவார் என்பது உங்கள் பயம் இல்லை. ‘நல்லதுதானே, செய்’ என்று சொல்லிவிடுவார் என்பதுதான் உங்கள் பயம். அவர் அப்படிச் சொல்லிவிட்டால், நாளைக்கு அந்தப் பொறுப்பு கைக்கு வரும்போது, வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி மரியாதையாகப் பின்வாங்கும் வழி அடைபட்டுப்போகும். இந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று ஒருவரின் முகத்தைப் பார்த்து நீங்கள் இதுவரை சொன்னதே இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. எனக்கு எழுதும்போதுகூட ‘நிர்வாகத்தின் எண்ணம்’ என்றுதான் எழுதுகிறீர்கள். உங்கள் எண்ணம் என்ன என்பது கடிதத்தில் எங்குமே இல்லை.

மாதக் கடைசியில் நா எழாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். லாரி வாசலில் நிற்கிறது, வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து போன் வந்தபடி இருக்கிறது, உற்பத்தி மேலாளர், குறையோடு அனுப்ப விதிவிலக்கு தரும் டீவியேஷன் படிவத்தை மேசையில் வைத்து ‘ஒரு கையெழுத்துதானே மேடம்’ என்கிறார். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குக் குரல் திடீரென்று முளைத்துவிடாது. தன் வீட்டில், தன்னை நேசிப்பவர்களிடம், எந்த ஆபத்தும் இல்லாத ஒரு சனிக்கிழமைக் காலையில், ‘இந்த ஒரு மணி நேரம் எனக்கு, கதவைச் சாத்திக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் பழகாதவரால், தன்னை அவ்வளவாக மதிக்காத பத்து ஆண்கள் நடுவே ‘இந்த லாட் போகாது’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி உங்கள் பயிற்சியாளரைப் பற்றி. அவர் விடை சொல்லாதது குறை இல்லை. அவருடைய வேலையே அதுதான். தன் அனுபவத்திலிருந்து வழி சொல்பவர் உங்கள் துறையில் மூத்தவர் ஒருவராக இருக்க வேண்டும். அவர் வேறு, இவர் வேறு. கேள்விகளால் உங்களைத் துளைத்து, நீங்கள் எடுத்த முடிவை உங்கள் வாயாலேயே சொல்லவைத்து, அடுத்த அமர்வுக்குள் அதைச் செய்தீர்களா என்று கணக்குக் கேட்பதற்குத்தான் இவரை அமர்த்தியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்பவருக்கு நிலவரம் தெரிய வேண்டும். நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். திரையில் பின்னணியை மங்கலாக்கிவிட்டால் காரும் அலுவலக அறையும் ஒன்றுபோலத்தான் தெரியும். உங்களிடம் இருக்கும் மிக முக்கியமான தகவலை மறைத்துவிட்டு, அவர் ஒன்றும் செய்யவில்லை என்று குறைப்படுகிறீர்கள். அடுத்த அமர்வின் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவர் காலைக் கூட்டத்தில் நிமிர்ந்து உட்காருங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று போய்விட்டால், ஆளை மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐ.சி.எஃப். என்பார்கள், மூன்று நிலைகளில் சான்று தருகிறது. முதல் நிலைக்கு 100 மணி நேரம், இரண்டாவதற்கு 500, மூன்றாவதற்கு 2,500 மணி நேரம் பயிற்சியளித்த அனுபவம் வேண்டும். உங்களுடையவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்பது அவமரியாதை ஆகாது. சப்ளையரின் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட நீங்கள் உள்ளே விடுவதில்லையே.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நிறுவனம் பணம் கட்டும் பயிற்சியில் பொதுவாக மூன்று தரப்பும், அதாவது நீங்கள், உங்கள் மேலதிகாரி, பயிற்சியாளர், சேர்ந்து உட்கார்ந்து இலக்குகளை முடிவு செய்ய வேண்டும். எது மனிதவளத் துறைக்குப் போகும், எது உங்கள் இருவருக்குள் நிற்கும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கூட்டம் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லை என்றால், ஆறு மாதம் முடிந்ததும் ‘பயிற்சியெல்லாம் கொடுத்துப் பார்த்தோம், அவர் இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்வதற்கு நிர்வாகத்துக்கு வசதியாகப் போய்விடும். பெண்ணைச் சீர்செய்ய ஆள் வைத்துவிட்டுத் தொழிற்சாலையை அப்படியே வைத்திருக்கும் நிர்வாகங்களை நான் அறிவேன்.

பராமரிப்புப் பிரிவு மேலாளர் விஷயத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் போய், ‘இன்று ரிஜெக்‌ஷன் பற்றி நான் பேசப்போகிறேன், உங்கள் பிரிவின் புள்ளிவிவரத்தை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் அவர் சொல்லத்தான் போகிறார்; உங்கள் பெயரோடு சொல்லட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட பெரிய கேள்வி சி ஷிஃப்ட், அதாவது இரவு ஷிஃப்ட். உற்பத்திக்குப் பொறுப்பாளராக வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது, இரவு ஷிஃப்ட்டை நடத்தியிருக்கிறீர்களா என்பதுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் மட்டுமே வேலை வாங்கலாம் என்று வைத்திருந்தது. அந்தத் தடையை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளுடன் நீக்கியது. சட்டம் வழிவிட்டுக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் ‘மேடத்துக்கு எதற்குச் சிரமம்’ என்ற பரிவு வழிவிடவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்; உற்பத்தி லைனில் அத்தனை பெண்களை நிறுத்தும் நிறுவனங்கள் மேலாளர் அறையில் ஒருவரை உட்காரவைத்துவிட்டுப் பெருமைப்படுகின்றன. அந்தப் பரிவை இத்தனை ஆண்டுகளாக நீங்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டீர்கள் என்றே நினைக்கிறேன். எந்தப் பயிற்சியாளராலும் அந்த இரவுகளின் அனுபவத்தைச் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் ஊட்டிவிட முடியாது.

இங்கேதான் குடும்பம் வருகிறது. குடும்பம் என்பது பெண்ணின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே கிடக்கும் கட்டை, அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவதுதான் சாமர்த்தியம் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவருக்கு வரும் பதவியின் பாரம் வீட்டில் உள்ள எல்லோர் மீதும் விழுகிறது. இரவு 2 மணிக்கு ப்ரெஸ் இயந்திரம் நின்றுவிட்டதென்று போன் வந்தால் விழித்துக்கொள்வது நீங்கள் மட்டும் அல்ல. சுமக்கப்போகிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்வது உங்கள் கடமை. நான் சொல்வது அனுமதி கேட்பதை அல்ல. உங்கள் கணவர் தம் பதவி உயர்வுக்கு உங்களிடம் அனுமதி கேட்டிருக்க மாட்டார். ஆனால் சொல்லியிருப்பார், அன்றைக்கு வீட்டில் பாயசமும் வைத்திருப்பீர்கள். அந்த உரிமையை நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை, அந்த மகிழ்ச்சியை அவருக்கும் கொடுக்கவில்லை.

சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். எத்தனை மாதம் இரவுப் பணி, மகளின் பொதுத்தேர்வு நேரத்தில் யார் காலையில் எழுப்பிவிடுவது, சமையலில் எது யாருடையது, என்ன சம்பள உயர்வு, எது நின்றுபோகும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கு என்ன என்று அன்றைக்கே போட்டுப்பாருங்கள். கணவர் நல்லவர் என்பதற்கு அவர் எதுவும் சொல்ல மாட்டார் என்பது அடையாளமாகாது. எதைக் கையில் எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கான வாய்ப்பை அவருக்கு நீங்கள் இன்னும் தரவில்லை.

மாமியாருக்குப் புரியாது என்ற வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு பள்ளியை நடத்தியவர் அவர். தமக்கு மூத்த ஆண் ஆசிரியர்களை வேலை வாங்கியிருப்பார், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் இல்லை என்று சொல்லியிருப்பார், ஊர்ப் பெரியவர்களைச் சமாளித்திருப்பார். அதே காலத்தில் உங்கள் கணவரையும் வளர்த்திருக்கிறார். அவருக்குப் பயிற்சியாளரை யாரும் அமர்த்தித் தரவில்லை. அவரைத் தாண்டிப் படியிறங்கி, ஊர்விட்டு ஊர் இருக்கும் ஒருவரிடம், ஆண்கள் நடுவே எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மாலை அவர் அருகில் உட்கார்ந்து, முதல் ஆண்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள். வயதானவர் என்பதால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து வேளையும் சீரியல் நேரமும் மட்டுமே என்று நினைத்துவிடுவது மருமகளாகவும் தவறு, தலைமைக்கு வர விரும்புபவராகவும் தவறு.

மகளுக்கு வயது பதினேழு இருக்கும். சில சனிக்கிழமைகளில் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய், கார் கிளம்பாமலே ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவது அவள் கண்ணில் படாது என்று நினைக்கிறீர்களா? அவள் என்ன ஊகித்துவைத்திருக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் மறைத்த விஷயத்தைவிட அது மோசமானதாக இருக்கலாம். அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பயிற்சியைத் தொடருங்கள். மிச்சமிருக்கும் எட்டு அமர்வுகளையும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஆடிட் என்று சொல்லாமல் அவற்றின் உண்மையான பெயரைச் சொல்லி நடத்துங்கள். வீட்டில் பேசி முடித்த பிறகு, இந்த மாதத்துக்குள், உங்கள் ஆலைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: உற்பத்திப் பொறுப்பை ஏற்க விரும்புகிறேன்; அதற்கு முன் மூன்று மாதம் சி ஷிஃப்ட்டை நடத்த எனக்கு வாய்ப்பு வேண்டும்; போக்குவரத்து ஏற்பாட்டையும், லாட்டை நிறுத்திவைத்தால் என் முடிவை மாற்ற யாருக்கு அதிகாரம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். ‘நிர்வாகத்தின் எண்ணப்படி’ என்ற சொற்கள் அதில் வரக்கூடாது. நகலை மனிதவளத் துறைக்கு அனுப்பிவிட்டு, ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.