24 வயதில் தனி வீடு, அப்பா பேச மாட்டேன் என்கிறார்

தாம்பரத்தில் சொந்த வீடு இருக்க, சிறுசேரி வேலைக்காகத் தனியாக வாடகைக்குப் போவது தப்பா, அப்பா ஒரு வாரமாகப் பேசவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. சட்டப்படி 18 போதும், ஆனால் நம் வீடுகளில் வயதை யார் பார்க்கிறார்கள், கல்யாணம் ஆச்சா என்றுதான் பார்க்கிறார்கள்.

நான் 26-ல் கிளம்பினேன். ஒருநாள் ராத்திரி பாதிச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துபோனது, அம்மா அதை எப்போது புக் செய்வார் என்றுகூட அதுவரை நான் கவனித்ததில்லை.

சரி, அட்வான்ஸ் விஷயம். 2017 தமிழக வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் உச்சம், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும், அதனால் கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசிவிடுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் முடிவாகச் சொல்லாமல் வீடு பார்க்கக் கூடவே கூட்டிப் போங்கள். என் அப்பா குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு "இது உப்புத் தண்ணி" என்று ஹவுஸ் ஓனரிடம் சண்டைக்கே போய்விட்டார், என் மேல் இருந்த கோபம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.