முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை முடிந்தும் காலில் நரம்பு வலி தீரவில்லை, எப்படிச் சமாளிப்பது?

பதினான்கு மாதங்களுக்கு முன் இடுப்பின் கடைசி ஜவ்வுக்கு (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். மயக்கம் தெளிந்தபோது, பிட்டத்திலிருந்து குதிகால் வரை சுண்டி இழுத்துக்கொண்டிருந்த பழைய வலி காணாமற்போயிருந்தது. மூன்றாவது வாரத்தில் வேறு விதமான வலி வந்தது. இரவில் போர்வையின் ஓரம் சுண்டுவிரலில் பட்டால் போதும், தணலை வைத்ததுபோல் எரியும். சிகிச்சை தோற்றுவிட்டது என்றே நினைத்தேன்.

ஜவ்வின் அழுத்தத்தை நீக்குவது ஓரிரு மணி நேர வேலை. ஆனால் மாதக்கணக்கில் நசுங்கி வீங்கிக் கிடந்த நரம்பு அதே வேகத்தில் தேறுவதில்லை. உள்ளிழைகள் சிதைந்திருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், இடுப்பிலிருந்து பாதம் வரை உள்ள தொலைவைக் கணக்கிட்டால் மாதங்கள் ஏன் ஆகின்றன என்பது விளங்கும். மருத்துவர் மாதங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். என் காதில்தான் வாரங்கள் என்று விழுந்திருக்கிறது. பெரும்பாலும் வலி முதலில் குறையும், பிறகு பலம் திரும்பும், மரத்துப்போன உணர்வு கடைசியில்தான் மாறும். சிலருக்கு அது ஓரளவு நிலைத்தும்விடும். எனக்கு இன்றும் பாதத்தின் வெளிப்புறம் பாதி மரத்தே இருக்கிறது. செருப்பு கழன்றுவிட்டதை அறியாமலே நான்கடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.

வழக்கமான வலி மாத்திரைகள் இந்த எரிச்சலைத் தொடவே இல்லை. நரம்பு வலிக்கென்றே தரப்படும் பிரிகாபலின் என்ற மருந்தை இரவில் குறைந்த அளவில் தொடங்கி, மருத்துவர் படிப்படியாக உயர்த்தினார். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது; பிறகு பழகிவிட்டது. சற்றுத் தேறியதும் நானாகவே அதை நிறுத்தியதுதான் நான் செய்த பெரிய தவறு: இரண்டே நாளில் தூக்கம் போய், வியர்த்துக் கொட்டி, வலியும் திரும்பியது. இம்மருந்தை மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவே வேறு. வலி முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்பது என் கருத்து.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக ஐந்தாறு முறை நடந்தது எனக்குப் பயன்பட்டது. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொண்டேன். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துப் போர்வையை அதன்மேல் போட்டதில் பாதம் தப்பியது. பகலில் முதலில் பஞ்சாலும் பின்னர் துண்டாலும் அந்த இடத்தை மெல்லத் தடவித் தடவிக் கூச்சத்தைக் குறைத்தேன். தொடைப் பின்புறத்தை வலிந்து நீட்டும் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் செய்யாதீர்கள்; ஒருநாள் ஆர்வக்கோளாறில் செய்துவிட்டு இரண்டு நாள் அனுபவித்தேன்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைப்பதை நிறுத்திவிட்டு, வலி எதுவரை இறங்குகிறது என்று குறிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தெளிவு பிறந்தது. இரண்டாம் மாதம் சுண்டுவிரல், ஐந்தாம் மாதம் கெண்டைக்கால், எட்டாம் மாதம் பிட்டத்தோடு சரி. வலி இப்படி மேல்நோக்கிப் பின்வாங்குவதைப் பொதுவாக நல்ல அறிகுறியாகவே கொள்கிறார்கள்.

இதற்கு மாறாக, குறைந்த வலி மறுபடி காலில் இறங்கினாலோ, மாதங்கள் கடந்தும் அசையாமல் நின்றாலோ மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். ஜவ்வு மீண்டும் பிதுங்கியிருக்கிறதா, தழும்புத் திசுவா என்பதைச் சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும். காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தால் அன்றே காட்டுங்கள். பாதம் தொங்கிப்போவது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரப்பது, சிறுநீர் வராமல் நின்றுபோவது அல்லது அறியாமல் கழிவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.