மலேசியா, சுங்கை சிப்புட் பழங்காசுக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (டாலர்) நோட்டு கட்டுக் கட்டாக இருக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: ஜப்பான்காரன் காலத்து நோட்டு, தம்பி. கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாக்காசு ஆக்கிவிட்டான். எங்கும் கிடைப்பதால் பெரிய விலை இல்லை. எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தால் ஆரம்பத்தில் வந்தது, அதைத் தனியே எடுத்து வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: சதுரமான ஒரு காசு, ஜார்ஜ் மன்னர் தலை. கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.

கேள்வி: 1967இல் அரசாங்கம் வெள்ளிக்குப் பதினைந்து காசு பிடித்துக்கொண்டதாகப் பாட்டி சொல்வார். உண்மையா?

பதில்: காசு குறைந்தது உண்மை, அம்மா. காரணம் வேறு. பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டது. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்பது 1906இலிருந்து வந்த கணக்கு. 1967 ஜூன் 12இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா புது நோட்டை வெளியிட்டபோது பழையதும் புதியதும் ஒரே மதிப்புதான். நவம்பர் 18இல் பிரிட்டன் தன் பவுண்டை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. பழைய நோட்டும் கூடவே இறங்கியது, புதியது இறங்கவில்லை. அதனால் பழைய ஒரு வெள்ளிக்கு 85 காசு. பினாங்கில் கடையடைப்பு கலவரமாகவே மாறியது. அடிபட்டவர்கள் யார்? பழைய நோட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்தவர்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிச் சேர்த்த பணம் அது.

கேள்வி: அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே! சிங்கப்பூர்க்காரன் தப்பித்துக்கொண்டானே?

பதில்: தப்பிக்கவில்லை. சிங்கப்பூரும் புரூணையும் அதே ஜூன் 12இல்தான் தத்தம் நோட்டை வெளியிட்டன. அங்கும் பழைய வெள்ளி 85 காசுதான். முடிவு லண்டனில் எடுத்தது. ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன்: ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது. பழையதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாத கிழவிக்கு அரசாங்க அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்?

கேள்வி: வாழைமர நோட்டு என்ன விலை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரிங்கிட் (நம் இன்றைய வெள்ளி) மதிப்பு இனி ஏறுமா?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1000 வெள்ளி நோட்டை வங்கியில் மாற்றலாமா?

பதில்: 500, 1000 இரண்டும் 1999 ஜூலை 1 முதல் செல்லாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டினார்கள். பணம் நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்கும் முயற்சியில் இதுவும் சேர்ந்தது. கடையில் செல்லாவிட்டாலும் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள். மடிக்காமல் உறையில் வையுங்கள். லேமினேட் வேண்டாம்.