யூனிட் டெஸ்டில் மெமரி சோதனை: கேள்வி பதில்

கேள்வி: சி++ டெஸ்ட்களை வால்கிரிண்டில் (ப்ரோக்ராமின் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) ஓட்டுகிறேன். லாகில் பிழைகள் கொட்டுகின்றன, பில்டு மட்டும் பச்சையாகவே (பாஸ் என்றே) இருக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் ப்ரோக்ராம் முடியும்போது தந்த எக்ஸிட் கோடைத்தான் (0 என்றால் வெற்றி) வால்கிரிண்ட் அப்படியே திருப்பித் தரும். எரர்-எக்ஸிட்கோட் ஆப்ஷனுக்கு 1 கொடுங்கள், பிழை இருந்தால் பில்டு தோல்வியாகும். லீக்-செக் ஆப்ஷனை ஃபுல் என்று வைத்தால் லீக்கும் (விடுவிக்காமல் விட்ட மெமரி) பிழைக் கணக்கில் வரும். டெஸ்டை ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ட்ரேஸ்-சில்ட்ரன் ஆப்ஷனும் வேண்டும். இல்லாவிட்டால் சோதனை ஷெல்லோடு நின்றுவிடும், உங்கள் டெஸ்டைத் தொடவே தொடாது.

கேள்வி: ஆட்ரஸ் சானிடைசர் (கம்பைலரே சேர்க்கும் மெமரி சோதனை) இருக்கும்போது வால்கிரிண்ட் எதற்கு?

பதில்: இரண்டும் வேண்டும், தனித்தனி பில்டில். சானிடைசர் வேகத்தைச் சுமார் பாதியாக்கும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டலாம். ஸ்டாக்கில் உள்ள அரே எல்லை மீறினாலும் பிடித்துவிடும். வால்கிரிண்டின் மெமரி சோதனைக் கருவியான மெம்செக்கிடம் அது தப்பிவிடும். ஆனால் மதிப்பே வைக்காத வேரியபிளை வைத்து இஃப் போட்டால் அதைச் சொல்வது மெம்செக்தான். பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாக ஓடும் என்பதால் அதை இரவு பில்டில் வையுங்கள்.

கேள்வி: பழைய வார்னிங் எல்லாவற்றையும் சப்ரெஷன் ஃபைலில் (காட்ட வேண்டாத வார்னிங்குகளின் பட்டியல்) போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காரணம் புரியாமல் வார்னிங்கை நிறுத்துவது ஆபத்து. 2006இல் டெபியன் லினக்ஸில், வால்கிரிண்ட் வார்னிங்கை நிறுத்துவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியின் கோடில் இரண்டு வரிகளை கமெண்ட் ஆக்கினார்கள். 2008 மே மாதம் விஷயம் வெளிவந்தபோது, ரேண்டம் எண்ணுக்கு விதையாக மிஞ்சியிருந்தது ப்ராசஸ் ஐடி மட்டுமே. அதற்கு 32,768 மதிப்புகள்தான் சாத்தியம். இடைப்பட்ட காலத்தில் அங்கே உருவான எஸ்எஸ்எச் கீகளை (ரிமோட் சர்வரில் நுழையும் சாவிகள்) யாரும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: அது வால்கிரிண்டின் பொய் வார்னிங் தானே? அதைக் குறை சொல்லாமல் இருப்பது ஏன்?

பதில்: வார்னிங் உண்மை. மதிப்பு வைக்காத பஃபரும் அந்த வரிகள் வழியாகக் கலக்கப்பட்டது. இரண்டில் ஒரு வரியை எடுத்ததால் பாதிப்பில்லை. மற்றது, வெளியிலிருந்து வரும் ரேண்டம் தரவு முழுவதையும் சேர்க்கும் வரி. அந்த வரி என்ன செய்கிறது என்று தெரியாமல் கை வைத்ததுதான் தவறு.

கேள்வி: ஜாவாவில் லீக் பார்ப்பது எப்படி?

பதில்: ஹீப் டம்ப் (மெமரியில் உள்ளவற்றின் நகல்) எடுத்துப் பாருங்கள். மேற்கொண்டு ஜாவா ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: என் பில்டும் பச்சையாகவே இருக்கிறது, லாகில் பிழை...

பதில்: எரர்-எக்ஸிட்கோட். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிழை எங்கள் கோடில் இல்லை, வெளி லைப்ரரியில்தான் என்று உறுதியானால்?

பதில்: அப்போது சப்ரெஷன் சரி. ஜென்-சப்ரெஷன்ஸ் ஆப்ஷன் தரும் பதிவில் அந்த லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர் நிற்கட்டும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியாகச் சுருக்காதீர்கள். மேலே ஒரு வரி கமெண்டில் லைப்ரரியின் வெர்ஷனையும் காரணத்தையும் எழுதுங்கள். வெர்ஷன் மாறும்போது பதிவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.